அமரவிளை ஸ்டாப்பும் டபுள்பெல் அக்காவும்

நீங்கள் எழுதிய கவிதையைக் கேட்டு யாராவது தான் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டிருக்கிறார்களா? கைதட்டினார்கள், கண் கலங்கினார்கள், போனில் ஹார்ட் போட்டார்கள் என்பதெல்லாம் வேண்டாம். ஸ்டாப்பை விட்டு, பாலம் தாண்டி, வெயிலில் திரும்பி நடந்திருக்கிறார்களா? இல்லையென்றால் மன்னிக்கவும். கேரள எல்லையோரம் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள எங்கள் பிரதேசத்தில் நீங்கள் இன்னும் கவிஞர் ஆகவில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் டபுள்பெல் அக்கா. உலகத்து இலக்கிய விமர்சகர்களை எல்லாம் ஒரு தட்டிலும் அக்காவை மறு தட்டிலும் வைத்தால், விமர்சகர்கள் மேலே போய்க் கூரையை இடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட கனம். இத்தனைக்கும் அக்கா கடைசியாக வாசித்த புத்தகம் பத்தாம் வகுப்புப் பாடம். அதிலும் பாதிதான் வாசித்தாராம், மீதிக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

அக்கா பஸ் கண்டக்டர். பாறசாலையில் புறப்பட்டு, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை போகும் தனியார் பஸ். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, ஆள் என் நெஞ்சு உயரம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம். உங்கள் பக்கம் கண்டக்டர் விசில் ஊதுவார். எங்கள் பக்கம் பஸ்ஸின் கூரையோரம் ஒரு கயிறு ஓடும். இழுத்தால் டிரைவர் தலைக்கு மேலே மணி அடிக்கும். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. டிரைவர் பெற்ற அம்மா கத்தினாலும் நிறுத்த மாட்டார், மணிக்குத்தான் நிறுத்துவார். அக்கா அந்த இரட்டை மணியை அடிப்பது தனி அழகு. டங்-டங் என்று, ஏதோ நல்ல செய்தி சொல்வது போல இருக்கும். அப்படி விழுந்த பெயர்தான் டபுள்பெல். நிஜப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கலாம்.

யார் வேண்டுமானாலும் ஏறிக் கவிதை வாசிக்கும் எங்கள் ஓப்பன் மைக்குக்கு அவர் வந்ததே ஒரு குடையால்.

அப்போது நான் தனுவச்சபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு டுட்டோரியல், அதன் மாடியில் வாரம் முழுக்கக் கணக்கு டியூஷன். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மாடியைக் கேட்டு வாங்கி, நாங்கள் ஆறு பேர் கவிதை நிகழ்ச்சி ஆரம்பித்தோம். போஸ்டரெல்லாம் ஒட்டினோம். ஆனால் எங்களைத் தவிர யாரும் வரவில்லை, காரணமும் நியாயமானதுதான். எங்களில் ஒருவன் மௌனத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் வாசிப்பான். மற்ற ஐந்து பேர் முறை வைத்துத் தூங்குவோம்.

அந்த மௌனக் கவிஞன் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்திருந்தான். அக்காவுக்கு ஞாயிறு மூன்று மணியோடு டியூட்டி முடியும். வீட்டுக்குப் போகும் வழியில் குடையைக் கொடுத்துவிடலாம் என்று மாடி ஏறி வந்தவர் வாசலில் நின்றார். மௌனம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் நின்றார். பத்து நிமிஷம் நின்றார். மௌனம் நிற்கிற மாதிரி தெரியவில்லை. டுட்டோரியலில் பீரியட் மணிக்காக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அக்கா டஸ்டரை எடுத்து மரப்பக்கத்தால் அதை ஒரே ஒரு தட்டு தட்டினார்.

மௌனக் கவிஞன் சட்டென்று நின்றுவிட்டான். பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போய் வந்த உடம்பல்லவா, ஒரு மணி கேட்டால் தானாக நிற்கும்.

"மதி மக்கா, எறங்கு. இந்தக் குடை உனக்குள்ளதாக்கும்," என்றார் அக்கா. மதி என்றால் எங்கள் பக்கம் போதும் என்று அர்த்தம். பிறகு பெஞ்சைப் பார்த்து, "அடுத்த ஆளு கேறு," என்றார். அடுத்த ஆள் நான். ஏன் எதற்கு என்று கேட்காமல் மேடையில் ஏறிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு அக்கா மறுபடி வந்தார். இந்த முறை குடை இல்லை. கையில் பழைய டிக்கெட் கட்டு இருந்தது, மெஷின் வருவதற்கு முன்பு கிழித்துக் கொடுத்த மஞ்சள், ரோஸ் காகிதங்கள். மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டார். மேலே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட். டிக்கெட் வாங்கியவர் கட்டாயம் வாசிக்க வேண்டும், வேடிக்கை பார்க்க மட்டும் வருவது டிக்கெட் எடுக்காத பயணம். பெண்கள் முன் பெஞ்சு. தாமதமாக வந்தவர் நின்றபடி கேட்க வேண்டும். கவிதை பிடிக்காவிட்டால் ஒரு மணி, பாதி வார்த்தையில் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும். பிடித்தால் இரண்டு மணி, இன்னும் ஒன்று வாசிக்கலாம். போன வாரம் வாசித்ததையே இந்த வாரமும் வாசிக்க ஒருத்தி எழுந்தாள். "பழைய டிக்கெட்ல யாத்திரை கெடையாது," என்று உட்கார வைத்தார்.

மூன்றே மாதத்தில் மாடியில் உட்கார இடமில்லை. பெரிய நகரங்களில் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு நானும் போயிருக்கிறேன். மங்கலான விளக்கு, கசப்புக் காப்பி, நல்ல வரி வந்தால் விரலைச் சொடுக்குவார்கள். எங்களிடம் டியூப்லைட், கரும்பலகையில் அழிக்காத அல்ஜீப்ரா. ஆனால் அங்கே வருகிறவர்கள் கவிதை எழுதுகிறவர்கள் மட்டும். எங்கள் மாடிக்கு ரப்பர் வெட்டுகிறவர் வருவார், பிளம்பர் வருவார், நைட் டியூட்டி முடிந்த நர்ஸ் வருவார். சொடுக்குப் போடுகிற விரல் எங்களிடம் இல்லை. பிடித்திருந்தால் "கொள்ளாம்" என்று ஒரு வார்த்தை. அதைச் சம்பாதிக்கவே ஆறு மாதம் ஆகும்.

ஒருநாள் புதிதாக வந்த ஒரு பெண், தமிழில் வாசிக்கலாமா மலையாளத்தில்தான் வாசிக்கணுமா என்று பயந்துகொண்டே கேட்டாள். அவள் கவிதை தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிகிறதாம். அக்கா டிக்கெட்டைக் கிழித்தபடி, "களியக்காவிளை தாண்டும்போ பஸ்சுக்கு எஞ்சின் மாத்துதோமா பிள்ளே? போய் வாசி," என்றார். களியக்காவிளையில்தான் இரண்டு மாநில எல்லை. மொழிப்பிரச்சினை பற்றி இரண்டு மாநிலங்களிலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் பேசியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் புகழ் பரவி, நகரத்திலிருந்து தாடி வைத்த கவிஞர் ஒருவர் வந்தார். கையில் செம்புப் பாட்டில், பதினான்கு பக்க நெடுங்கவிதை. படியில் அக்கா அவரை நிறுத்தி, கவிதை எங்கெங்கே நிற்கும் என்று விசாரித்தார். இது எங்கும் நிற்காத ஒரு அனுபவம் என்றார் கவிஞர். இரண்டாவது வரியில் மணி விழுந்தது. கவிதை இன்னும் அதன் மையத்துக்கே வரவில்லை என்று அவர் வாதாடினார். அக்கா மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "ஆளு கேறாத எடத்துல எஞ்சினை ஓட்டிக்கிட்டு நிக்கப்பிடாது சாரே, கேட்டியளா." அந்த மனிதரைப் பாராட்ட வேண்டும். கோபித்துக்கொண்டு போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கக் கேட்டார். அடுத்த வாரம் இரண்டு வரியோடு வந்தார்.

இனி ஸ்டாப் சமாச்சாரம். அதைத் தொடங்கி வைத்தவள் லில்லிபாய்.

லில்லிபாய் அமரவிளைக்காரி, பாறசாலையில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறவள். கண்டக்டர் ஏதோ டிக்கெட் கொடுக்கிறாரே, பரிசுக் குலுக்கலாக இருக்கும் என்று நினைத்து மாடி ஏறிவிட்டாள். ஏறினால் வாசிக்க வேண்டும். அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை, போய் அடுத்த வாரம் வந்தாள். கேஸ் பில்லின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தாள்.

நான் உள்ளே வேலை செய்கிறேன்.
என் செருப்பு வாசலில் வெயிலில் நிற்கிறது.
வெளியே வந்து காலை வைத்தால் சுடுகிறது.
அதற்காவது கோபம் வருகிறதே.

அன்றைக்கு ஒரு மணியும் விழவில்லை, இரண்டு மணியும் விழவில்லை. அக்கா டஸ்டரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மறுநாள் லில்லிபாய் வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்கு அந்தச் செருப்பே ஞாபகம். அமரவிளை வந்தது, போனது, கயிறு இழுக்கப்படவில்லை. அமரவிளையை விட்டால் அடுத்தது நெய்யாற்றுப் பாலம், அதற்கு அந்தப் பக்கம்தான் நிறுத்த முடியும். அன்றைக்கு அமரவிளையில் இறங்க வேண்டியிருந்தது லில்லிபாய் மட்டும்தான். தன் கவிதைக்குத் தானே முதல் பலி. பாலத்தில் திரும்பி நடக்கும்போது அவள் நடை மகாராணி நடை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். "எனக்க கவிதையாக்கும் என்னைப் பாலம் கடத்தினது," என்று ஊர் முழுக்கச் சொன்னாள்.

அன்று முதல் அதுதான் எங்கள் விருது. கரும்பலகையின் மேல்மூலையில் 'பாலம் கடந்தவர்கள்' என்று எழுதி லில்லிபாய் பெயரைப் போட்டோம். கணக்கு வாத்தியார்கூட அதை அழிப்பதில்லை.

எனக்கு அந்த மூலையில் என் பெயர் வர வேண்டும். சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே இறங்கியது, ஆனாலும் வர வேண்டும். பிரச்சினை என்னவென்றால் அக்கா என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கேரளத்தில் மாணவர்களுக்கு பஸ்ஸில் கட்டணச் சலுகை உண்டு, கன்செஷன் என்போம். எல்லாரும் ஏறிய பிறகுதான் கண்டக்டர்கள் கன்செஷன்காரர்களை ஏற்றுவார்கள். அக்கா அதை மாடிக்கும் கொண்டுவந்திருந்தார். மாணவர்கள் கடைசியில் வாசிக்க வேண்டும், எவ்வளவு மோசமாக வாசித்தாலும் மணி அடிக்க மாட்டார். "பாவம், கன்செஷன்," என்பார். இதைவிடப் பெரிய அவமானம் ஒரு கவிஞனுக்கு வரக் கூடாது.

டிகிரி முடிந்து ரிசல்ட் வந்த வாரம் படியில் என்னை நிறுத்தினார். "பாஸ் ஆயாச்சுல்லா? இனி ஃபுல் டிக்கெட்டாக்கும்." பிறகு ஐந்து ஞாயிறு தொடர்ந்து என்னை இரண்டாம் வரியில் இறக்கிவிட்டார். சந்தோஷமாக இறங்கினேன். ஆறாவது ஞாயிறு இதை வாசித்தேன்.

நான் அமரவிளையில் இறங்கிவிட்டேன்.
சீட்டில் இருந்த என் சூடு
டிக்கெட் இல்லாமல்
நெய்யாற்றின்கரை போகிறது.

மணி இல்லை. அக்கா என்னையே பார்த்தார். சந்தேகத்துக்கு இடமான பயணியைப் பார்க்கிற பார்வை.

"தெனமும் போவுதா?"

"தெனமும் போவுதுக்கா."

"நான் பாத்ததில்லயே," என்றார், கொஞ்சம் வருத்தமாக. யாரோ தன் பஸ்ஸில் இத்தனை வருஷம் டிக்கெட் எடுக்காமல் போய்க்கொண்டிருந்தது தெரியாமல் போய்விட்டதே என்கிற வருத்தம்.

மறுநாள் திங்கள் காலை என்ன நடந்தது என்பது லில்லிபாய் விசாரித்து வந்து சொன்னதுதான். அமரவிளை நெருங்கியதும் ஒரு பயணி எழுந்து கதவுப்பக்கம் போனார். அக்கா குனிந்து அவர் உட்கார்ந்திருந்த சீட்டில் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. அமரவிளை போனது. கதவருகே நின்ற பயணி கம்பியைத் தட்டினார், கத்தினார், முன்னோர்களை எல்லாம் கூப்பிட்டார். டிரைவருக்கு மணி வரவில்லை, அதனால் அவர் போய்க்கொண்டே இருந்தார். பஸ் பாலத்தில் ஏறியபோது அக்கா தலை நிமிர்ந்து அந்தப் பயணியிடமே, "சூடு உண்டு," என்றாராம்.

அந்தப் பயணி ஆதாரம் அண்ணன். நிலப்பத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஆதாரம் என்று பெயர், அதை எழுதிக் கொடுப்பது அவர் தொழில். முப்பது வருஷத்தில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தியது இல்லை என்று பெயரெடுத்தவர். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் நாளைக்கு வழக்கு வரும் என்பார். அன்று அமரவிளையில் ஒரு அண்ணனும் தம்பியும் பல வருஷச் சண்டைக்குப் பிறகு சொத்தைப் பிரிக்கச் சம்மதித்து அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் பாலத்தில் திரும்பி நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு பலாமரம் யாருக்கு என்று அவர்களுக்குள் மறுபடி சண்டை மூண்டுவிட்டது.

அண்ணன் பஸ் முதலாளிக்குப் புகார் எழுதினார். முதலாளி களியக்காவிளைக்காரர், மலையாளம் பேசுவார், வாசிக்க வராது. அதனால் புகார் தமிழில். முதலாளி முதல் பக்கம் படித்ததுமே அக்காவைக் கூப்பிட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் அந்த ஆள் புகாரைத் திரும்ப வாங்க வேண்டும், இல்லையென்றால் தோல்பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

அக்கா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. லில்லிபாய்தான் சொன்னாள். அக்கா வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. விருது கேட்டு அலைந்தேனே, கிடைத்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

ஆதாரம் அண்ணனின் எழுத்துக் கடைக்குப் போனேன். கவிதை எழுதியது நான்தான், தப்பு என்மேல்தான், அக்காவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"எலே, அந்த சீட்டுச் சூடு எழுதினது நீயாக்கும்?"

"ஆமாண்ணே."

"தகப்பன் பேரு, வீட்டுப் பேரு சொல்லு," என்று பேனாவை எடுத்தார். புகாரில் சேர்ப்பதற்கு.

ஓடிவந்துவிட்டேன். ஞாயிறு வந்தது. நாலு மணிக்கு மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம். ஆதாரம் அண்ணன், கக்கத்தில் பை. தன்னைப் பாலம் கடத்திய கூட்டத்தை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வந்திருந்தார். படி உச்சியில் அக்கா நின்றார். மறுநாள் வேலை இருக்குமா இருக்காதா என்பது இந்த மனிதர் கையில் இருக்கிறது. அக்கா ஒரு ரோஸ் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

"கேறினா வாசிக்கணும் அண்ணே."

"எனட்ட கவிதை ஒண்ணும் இல்ல. உன் மேல எழுதின புகாருக்க நகலு உண்டு."

"அதை வாசியுங்கோ."

அண்ணன் மைக் முன்னால் போய் நின்று, பத்திரம் வாசிக்கும் குரலில் வாசித்தார். எனக்கு அது மனப்பாடம்.

"பாறசாலையில் ஏறி அமரவிளைக்கு டிக்கெட் வாங்கிய நான், வடக்கே நான் போக வேண்டாத ஊரும், தெற்கே நான் போக வேண்டிய ஊரும், கிழக்கிலும் மேற்கிலும் ஆறும் எல்லையாக உள்ள இடத்தில், கையில் ஒரு பையோடும், தலைக்கு மேலே யாருக்கும் பட்டா இல்லாத வெயிலோடும் இறக்கிவிடப்பட்டேன்."

டங்-டங்.

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். நிறுத்தாமல் போகச் சொல்கிறார் அண்ணே என்று முன் பெஞ்சிலிருந்து லில்லிபாய் எடுத்துச் சொன்னாள். அண்ணன் பக்கத்தைத் திருப்பினார். முதலாளி படிக்காத இரண்டாம் பக்கம்.

"திரும்பி நடக்கையில் பாலத்தின் நடுவில் நின்றேன். முப்பது வருஷமாக நான் எல்லையாக மட்டுமே எழுதிவந்த ஆறு, அன்று தண்ணீராக ஓடியது. இத்தனை நாள் அதை நான் பார்க்காமல் போன நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அக்கா மணி அடிக்கவில்லை. கடைசியில் லில்லிபாய்தான் "கொள்ளாம்" என்றாள். அண்ணன் காகிதத்தை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

நான் இதுதான் சமயம் என்று பாய்ந்து, அப்படியானால் புகாரைத் திரும்ப வாங்கிவிடுங்கள் அண்ணே என்றேன். அண்ணன் முகம் மாறிவிட்டது.

"அது மட்டும் நடக்காது. வெட்டுத் திருத்தம் இல்லாத எழுத்தாக்கும். திரும்ப வாங்கினா கிழிச்சுப் போடணும். பின்னே நான் எதுக்கு எழுதினேன்?"

அக்கா பக்கம் திரும்பினேன், ஏதாவது சொல்லட்டும் என்று. அக்கா சொன்னார்: "கிழிக்கப்பிடாது. ஒரு எழுத்து போவப்பிடாது."

"அக்கா, வேலை போவும்."

"வேலை போனா வேற வேலை கிட்டும் மக்கா. அந்த ஆறு பின்னே கிட்டுமா?"

ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் இலக்கியத்துக்காக உயிரைக் கொடுப்பேன் என்று மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தன்மேல் எழுதப்பட்ட புகாரில் ஒரு வரிகூட வெட்டக் கூடாது என்று வேலையைக் கொடுக்கத் தயாரான ஒருவரை எங்கள் மாடியில்தான் பார்த்தேன். இந்த ஊரில் பிறந்ததற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

திங்கள் காலை அக்கா பையைத் திரும்பக் கொடுக்கப் போனார். கூடவே ஆதாரம் அண்ணனும் போனார். அக்காவைக் காப்பாற்ற இல்லையாம், தன் எழுத்தை முதலாளி முழுதாகப் படித்தாரா என்று தெரிந்துகொள்ள. படிக்கவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு பக்கமும் தானே வாசித்துக் காட்டினார். முதலாளி இரண்டாம் பக்கத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பை அக்காவிடமே இருக்கட்டும். ஆனால் தண்டனை உண்டு. இனி ஞாயிறு சாயங்கால ஓய்வு கிடையாது, பாறசாலையில் நாலு மணிக்குப் புறப்படும் டிரிப்பில் அக்கா போக வேண்டும். அந்த டிரிப் கண்டக்டர்களின் அந்தமான். டிரைவரும் கண்டக்டரும் காற்றும் மட்டும் போய் வருவார்கள். இன்னொருவரைப் பாலம் கடத்தினால் பேச்சே இல்லை, பை போய்விடும்.

வேலை தப்பியது, ஓப்பன் மைக் போய்விட்டது. அடுத்த ஞாயிறு அக்கா இல்லாமல் மாடியில் உட்கார்ந்தோம். மௌனக் கவிஞன் பழைய பலத்தோடு திரும்பி வந்து ஐம்பது நிமிஷம் வாசித்தான். தண்டவாளத் துண்டைத் தட்ட யாருக்கும் கை வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நாலு மணிக்கு பாறசாலை ஸ்டாண்டில் ஒரு வரிசை நின்றது. முதல் ஆள் ஆதாரம் அண்ணன், அவருக்குப் பின்னால் லில்லிபாய், நான், ரப்பர் வெட்டுகிறவர், பிளம்பர், நர்ஸ், கையில் செம்புப் பாட்டிலோடு நகரத்துத் தாடிக்கவிஞர். அக்கா படிக்கட்டில் நின்று வரிசையைப் பார்த்தார்.

"எல்லாரும் ஒக்க எங்க போறிய?"

"நெய்யாற்றின்கரைக்கு," என்றார் ஆதாரம் அண்ணன். "போய்ட்டு வாறோம். டிக்கெட் குடு."

அக்கா மெஷினில் பேப்பர் ரோல் சரியாக இருக்கிறதா என்று குனிந்து வெகுநேரம் பார்த்தார். ரோல் சரியாகத்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்து, "பொம்பளையளு முன்னால. பின்னால உள்ளவங்க நீங்கி நில்லுங்கோ," என்றார்.

அப்படித்தான் எங்கள் ஓப்பன் மைக் மைக்கே இல்லாமல் பஸ்ஸில் ஓடுகிறது. முதலாளிக்கு நிரம்பிய டிரிப், அவர் வாயே திறப்பதில்லை. உதியன்குளங்கரையில் மரச்சீனிக் கிழங்கோடு ஏறிய பெரியவர் ஒருவர், அதற்கடுத்த வாரம் கிழங்கைப் பற்றி எட்டு வரியோடு ஏறினார். இப்போது மணி நிஜ மணி, டங்-டங் என்றால் கவிஞரும் போகலாம், பஸ்ஸும் போகலாம். ஒரே ஒரு குறை. அக்கா இப்போதெல்லாம் முழு மனதோடு கேட்பதில்லை. கை கயிற்றில், கண் ரோட்டில், உதடு ஸ்டாப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பை போய்விடக் கூடாதே. ஒருமுறைகூட ஸ்டாப்பை விட்டதில்லை. கரும்பலகையில் என் பெயரோடு பட்டியல் நின்றுவிட்டது.

இதை நான் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லி ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அமரவிளையில் இறங்கி, வீட்டுக்கு ஓடி, ஒரு தடவை படித்துப் பார்த்து அனுப்ப வேண்டும். தனுவச்சபுரம் இப்போதுதான் தாண்டியது.

ஒரு நிமிஷம், இங்கே ஏதோ நடக்கிறது. ஆதாரம் அண்ணன் எழுந்து நின்று அக்காவிடம் சட்டம் பேசுகிறார். ஏறியவர் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பது விதி. இத்தனை வருஷத்தில் ஒரு வாரம்கூட வாசிக்காமல் பயணம் செய்த ஆள் ஒருவர் இந்த பஸ்ஸில் உண்டு என்கிறார். பஸ் முழுக்கச் சிரிக்கிறது. "நான் ஸ்டாஃபாக்கும்," என்கிறார் அக்கா. "விதியில ஸ்டாஃப்ணு ஒரு எழுத்து இல்ல," என்கிறார் அண்ணன்.

அக்கா யோசிக்கிறார். மெஷினைத் தட்டித் தனக்கு ஒரு டிக்கெட் அடித்துக்கொள்கிறார். கயிற்றை அண்ணன் கையில் கொடுத்து, அமரவிளையில் ஆள் இறங்க உண்டு, மறந்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்கிறார். இறங்கப் போவது நான் ஒருவன்தான். அக்கா கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். கையில் காகிதம் இல்லை. எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாரோ.

"எல்லாருக்கும் அவங்கவங்க ஊரு வருது.
மணி அடிச்சு எறக்கி விடுதேன்.
நான் எறங்குத ஊரு மட்டும்
போர்டுல எழுதல.
ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு
அது தானா கேறி வருது."

ஆதாரம் அண்ணன் கையில் கயிறு அப்படியே இருக்கிறது. அமரவிளை போய்விட்டது. பஸ் இப்போது பாலத்தில்.